கொடைக்கானல் போனதும் உப்பிப்போகும் கருவாட்டுப் பாக்கெட்

கெட்டுப்போய்விட்டது என்று திருப்பி வாங்க அவசரப்படாதீர்கள். பாம்பனில் தட்டையாக ஒட்டிய நெத்திலிப் பாக்கெட் கொடைக்கானல் கடையில் பலூன் மாதிரி நிற்கிறது என்றால், பெரும்பாலும் உள்ளே சிக்கிய காற்றுதான் காரணம்.

பாம்பன் கடல்மட்டம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் நம் கரையில் இருப்பதில் ஏறக்குறைய 78 சதவீதம்தான். வெளியே அமுக்குவது குறைந்தால் உள்ளே இருப்பது விரியும்: நீங்கள் அடைத்த 100 மில்லி காற்று, மலைக்குளிரில் கொஞ்சம் சுருங்கியும்கூட, 120 மில்லிக்கு மேல் இடம் கேட்கும். ஒட்டு பலவீனமாக இருந்தால் அங்கேதான் பிரியும்.

சோதிக்க:
1. உப்பிய ஒன்றைப் பிரிக்காமல் கீழே அனுப்பச் சொல்லுங்கள். வத்தலக்குண்டு வரும்போதே தளர்ந்திருக்க வேண்டும்.
2. அதே நாள் அடைத்த இன்னொன்றைப் பாம்பனிலேயே வையுங்கள். அதுவும் உப்பிப்போனால் காற்றழுத்தம் காரணமில்லை. ஈரம் போகாத மீன் அழுகி வாயு விடுகிறது. ருசி பார்க்கக்கூட வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

இனி அடைக்கும்போது கையால் நன்றாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு ஒட்டுங்கள். ஆனால் ஒன்று: காற்றை எடுப்பது சரியாகக் காயாத கருவாட்டைக் காப்பாற்றாது. மழைமூட்டத்தில் காய்ந்த சரக்கை மலைக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள்.