பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவது: கேள்வி பதில்

பல ஆண்டுகளாகக் கணக்கு சொல்லித்தருகிறேன், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாணவருக்கு. தனிப்பயிற்சி பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: வகுப்பில் புரியாத பாடம் தனியாகச் சொன்னால் மட்டும் எப்படிப் புரியும்? பாடம் அதேதானே?

பாடம் அதேதான். ஆனால் தவறு எங்கே பிறக்கிறது என்று பார்க்க அவகாசம் கிடைக்கிறது. 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு சிறுவன் 35 என்று எழுதுகிறான். வகுப்பில் அதற்கு ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து “எப்படிப் போட்டாய், சொல்” என்று கேட்டால், “2-இல் 7 போகாது, அதனால் 7-இல் 2-ஐக் கழித்தேன்” என்பான். கவனக்குறைவு என்று நாம் நினைத்த இடத்தில் அவன் ஒரு விதியே வைத்திருக்கிறான்! அந்த விதியைப் பிடுங்காமல் இன்னும் ஐம்பது கணக்குக் கொடுத்தால், தவறான விதிக்கு ஐம்பது முறை பயிற்சி கொடுத்ததாகத்தான் ஆகும். 0.35 என்பது 0.8-ஐ விடப் பெரியது என்று சொல்லும் மாணவரும் இந்த வகைதான். 35, 8-ஐ விடப் பெரியதல்லவா? அவரளவில் அது சரியான தர்க்கம்.

கேள்வி: தனியாகப் படித்தால் 98 சதவீதம் பேரை முந்தலாம் என்கிறார்களே, உண்மையா?

அந்த எண் 1984-இல் பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. தனிப்பயிற்சி பெற்றவர்களில் நடுத்தர மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைவிட மேலே நின்றார் என்றார் அவர். எடுத்துக்காட்டுபவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். அந்தச் சோதனைகள் நடந்தது சில வாரங்களே. மேலும், தனிப்பயிற்சி பெற்றவர்களுக்குச் சிறு தேர்வு வைத்து, தவறைத் திருத்திய பிறகே அடுத்த பாடத்துக்குப் போனார்கள். ஆகவே பலன் முழுவதையும் பக்கத்தில் ஆள் இருந்ததன் கணக்கில் எழுத முடியாது. 2011-இல் கர்ட் வான்லேன் என்ற ஆய்வாளர் தனிப்பயிற்சி பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது விளைவு அதில் பாதிக்கும் குறைவாகவே இருந்தது. நடுவில் இருப்பவர் நூற்றில் ஏறத்தாழ 78 பேரைத் தாண்டும் அளவு. எனக்கு அதுவே பெரிய விஷயமாகப் படுகிறது. 98 என்று உறுதி கொடுப்பவரிடம் பிள்ளையை அனுப்ப நான் யோசிப்பேன்.

கேள்வி: என் மகளுக்கு வாரம் ஆறு நாள் டியூஷன். ஆசிரியர் முன்னால் எல்லாக் கணக்கையும் போடுகிறாள். தேர்வில் பாதித் தாள் வெறுமையாக இருக்கிறது. ஏன்?

அம்மா, ஒருநாள் பக்கத்து அறையில் இருந்து கேட்டுப் பாருங்கள். யார் குரல் அதிகம் கேட்கிறது? ஆசிரியர் குரல்தான் என்றால் விடை கிடைத்துவிட்டது. “அடுத்து என்ன, எதைப் பெருக்க வேண்டும்...” என்று அவர் வரிக்கு வரி எடுத்துக்கொடுக்கிறார், மகள் எழுதுகிறாள். கணக்கைப் போடுவது அவர்.

கட்டடம் எழும்பும்வரை சாரம் வேண்டும். எழும்பியபின் பிரிக்க வேண்டும். 1976-இல் வுட், புரூனர், ராஸ் என்ற உளவியலாளர்கள் மூவர் கற்பித்தலுக்கு இந்தச் சாரம் என்ற உவமையைக் கொண்டுவந்தார்கள். கட்டுவது எல்லோருக்கும் தெரியும், பிரிக்கத்தான் மனம் வருவதில்லை. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ கண்டார். மூன்று விநாடி காத்திருந்தபோதே மாணவர்களின் பதில்கள் நீண்டன, யோசித்துச் சொன்னவையாகவும் இருந்தன. மாணவர் திணறும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு இன்றும் எளிதல்ல. கை தானாகப் பென்சிலைத் தேடுகிறது.

ஆறு நாளை மூன்றாகக் குறையுங்கள். மீதி நாளில், முந்தைய வாரத்துக் கணக்கில் நான்கை நோட்டைப் பார்க்காமல் தனியாகப் போடட்டும். முதலில் தப்பும் தவறுமாக வரும். பதறாதீர்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன், ஒரு பையனுக்குச் சொல்லித்தருகிறேன். எனக்கே தெரியாததைக் கேட்டால்?

“தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லுங்கள் தம்பி. தெரியாததை ஒருவர் எப்படித் தேடிப் பிடிக்கிறார் என்பதை அவன் நேரில் பார்க்கட்டும்.

கேள்வி: பயிற்சியாளர், வழிகாட்டி இருவரும் ஒன்றா?

ஒருவரே இரண்டாகவும் இருக்கலாம், ஆனால் வேலை வேறு. பயிற்சியாளர் இந்தப் பாடத்தைப் பார்க்கிறார். வழிகாட்டி, இந்த ஆள் எங்கே போகக்கூடியவர் என்று பார்க்கிறார். 1914-இல் கணிதமேதை இராமானுஜன் கேம்பிரிட்ஜ் சென்றபோது, அவரை அங்கே வரவழைத்த கணிதவியலாளர் ஹார்டிக்கு ஒரு சங்கடம். முறையான நிரூபணம் பற்றி இராமானுஜனுக்குச் சில விஷயங்கள் தெரிந்தே ஆக வேண்டும். அளவுக்கு மீறி வற்புறுத்தினாலோ தன்னம்பிக்கையும் உள்ளூற்றும் குலைந்துவிடக்கூடும். ஓரளவு சொல்லித்தந்தேன், ஆனால் அவரிடமிருந்து நான் கற்றதே அதிகம் என்று ஹார்டி பின்னாளில் எழுதினார். எதைத் திருத்துவது, எதைத் தொடாமல் விடுவது என்ற அந்தத் தயக்கம் இல்லாதவரை வழிகாட்டி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கேள்வி: மகனுக்கு நானே சொல்லித்தர ஆசை. பத்தாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது. என்ன செய்வது?

சொல்லித்தருவதை வேறொருவரிடம் விட்டுவிட்டு நீங்கள் மாணவராகிவிடுங்கள். அன்று படித்ததை இரவில் அவன் உங்களுக்கு விளக்கட்டும். புரியாததுபோல் நடிக்க வேண்டிய அவசியம் இருக்காது. பாதிப் பாடம் நமக்கு மறந்துதானே போயிருக்கிறது.