ஏற்கனவே தேடின இடத்துல மறுபடி காசு கிடைக்குமா? மலையகத்து ஆக்களோட கேள்விகளுக்கு என் பதில்

வணக்கம். நான் இலங்கையில ஊவா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல பொறந்து வளந்தவன், பல வருஷமா மெட்டல் டிடெக்டரோட (மண்ணுக்குள்ள கிடக்கிற உலோகத்தை சத்தம் போட்டு காட்டுற மெஷின்) பழைய லயத்து இடங்கள்ல, அதாவது தோட்டத்து ஆக்கள் குடியிருந்த வரிசை வீடுகள் இருந்த இடங்கள்ல, பழைய காசு தேடுறேன். சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு போன வாரம் சொன்னேன், கேள்வி நிறைய வந்துச்சு. பாதிக்கு மேல ஒரே கேள்வி தான், அதனால அதையே முதல்ல எடுக்கிறேன்.

ஹட்டன் பக்கத்து தம்பி: அண்ணே, எங்க டிவிஷன்ல இடிஞ்ச பழைய லயத்துல ரெண்டு பேர் மெஷின் வச்சி தேடி ஆறேழு காசு எடுத்துட்டாங்க. நான் போனா ஆணி தான் வருது. இடம் முடிஞ்சுதா?

முடியல தம்பி. அந்த ஆணி தான் உங்களுக்கு நல்ல சேதி. லயத்துக் கூரை தகரம், எத்தனையோ வருஷமா கழட்டி மாத்தி அடிச்ச ஆணி, துருப்பிடிச்ச தகரத்துண்டு எல்லாம் அந்த மண்ணுக்குள்ள தானே கிடக்கு. ஒரு காசு ஆணிக்கு நாலு விரல் தள்ளி கிடந்தா மெஷின் ஆணியோட சத்தத்தை தான் பிடிக்கும், அந்த சத்தம் அடங்குறதுக்குள்ள காயில் (மெஷின் அடியில தரையை ஒட்டி ஆட்டுற வட்டத் தட்டு) காசை தாண்டி போயிடும். முதல்ல தேடினவங்க எடுத்தது தனியா கிடந்த காசை, ஆணி நடுவுல கிடக்கிறது இன்னும் அங்கேயே தான் இருக்கு.

நான் இதை பட்டு தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு லயத்து வாசப்படி இருந்த இடத்தை மூணு தடவை தேடி ஒண்ணும் இல்லன்னு விட்டுட்டு வந்தேன். நாலாவது தடவை பெரிய காயிலை கழட்டிட்டு ஆறு இஞ்சி காயில் போட்டு, ஒரு பாய் அகலத்துக்கு கயிறு கட்டி, அந்த கட்டத்துக்குள்ள இருந்த இரும்பை எல்லாம் ஒண்ணொண்ணா பொறுக்கி வாளியில போட்டேன், அரை நாள் அதுக்கே போச்சு. பொறுக்கி முடிச்சு திரும்ப ஆட்டினா முன்னாடி கேக்காத ஒரு சின்ன சத்தம். மண் கிளறுற முள்ளால மெதுவா கிளறுனா சட்டை பொத்தான் அளவுல ஒரு கால் சதம், ஒரு பக்கம் பச்சை பிடிச்சு, மறு பக்கம் பனைமரம் தெளிவா, கீழ 1870. அதுக்கு மேல நான் மூணு தடவை நடந்திருக்கேன்.

அதனால முதல்ல இரும்பை எடுங்க. காயிலை மெதுவா ஆட்டுங்க, ஒரு ஆட்டுக்கும் அடுத்த ஆட்டுக்கும் பாதி மேல பாதி விழணும். கிழக்கு மேற்கா தேடின இடத்தை வடக்கு தெற்காவும் தேடுங்க, நிமிந்து நிக்கிற காசு ஒரு பக்கம் இருந்து வந்தா தான் கேக்கும்.

வட்டவளை அக்கா ஒருத்தர்: நல்ல சத்தம் வருது, தோண்டுனா தகரம். ஏமாந்துகிட்டே இருக்கேன்.

தட்டையான தகரம், சோடா மூடி ரெண்டும் காசு மாதிரியே உயந்த சத்தம் குடுக்கும் அக்கா. சத்தம் வந்த இடத்தை சுத்தி நீங்க கால்வாசி வட்டம் நடந்து மறுபடி ஆட்டிப் பாருங்க. காசுன்னா எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் அதே இடம், மெஷின் திரையில உலோகத்துக்கு ஏத்த மாதிரி வர்ற நம்பரும் பெருசா மாறாது. தகரம்னா நம்பர் குதிக்கும், சத்தம் நகந்து போகும், ஓரத்துல கொரகொரன்னு கேக்கும். ஹெட்போன் இல்லாம தேடாதீங்க, அந்த கொரகொரப்பு வெளி ஸ்பீக்கர்ல காத்தோட போயிடும்.

பண்டாரவளை: சென்சிட்டிவிட்டி, அதாவது மெஷினோட உணர்திறன், முழுசா வச்சா தானே ஆழமா பிடிக்கும்?

நம்ம செம்மண்ணுல பிடிக்காது. மண்ணுலயே இரும்புச் சத்து இருக்கு, முழுசா வச்சா மெஷின் மண்ணோடயே பேசிக்கிட்டு இருக்கும். முதல்ல கிரவுண்ட் பேலன்ஸ் பண்ணுங்க, அதாவது மண்ணோட சத்தத்தை மெஷின் கண்டுக்காத மாதிரி செட் பண்ணுங்க, மேட்டுல இருந்து பள்ளத்துக்கு இறங்குனா திரும்ப பண்ணுங்க, மண் மாறியிருக்கும். அப்புறம் மெஷின் அமைதியாகுற வரைக்கும் சென்சிட்டிவிட்டியை குறைங்க. எனக்கு மழை பெஞ்சு ரெண்டு நாள் கழிச்சு தான் நல்லா வருது.

பதுளை: டிஸ்கிரிமினேஷன் (வேண்டாத உலோகத்தோட சத்தத்தை அடக்குற செட்டிங்) வச்சி குப்பையை வெட்டிட்டு தேடுறேன், பெரிய ஒரு சதம் தான் வருது, வேற வரவே இல்ல.

குப்பையோட சேத்து காசையும் வெட்டிட்டீங்க. செம்பு ஒரு சதம் உயந்த நம்பர்ல வரும். ஆனா 1909ல வந்த சதுர அஞ்சு சதம் செம்பும் நிக்கலும் கலந்தது, அது கீழ, சிகரெட் பெட்டி ஈயத்தாள் வர்ற நம்பருக்கு கிட்ட தான் பேசும். உங்களுக்கு முன்னாடி தேடினவங்களும் அதை வெட்டிட்டு தான் போயிருப்பாங்க, அதனால தான் தேடின இடத்துல அது மிஞ்சி கிடக்கு. நான் ஈயத்தாளையும் தோண்டுறேன். முதுகு வலிக்கும் தான், ஆனா தோண்டாம போன சத்தம் ராத்திரி தூங்க விடாது. வெள்ளி பத்து சதம், இருபத்தஞ்சு சதம், ஐம்பது சதம் 1892ல இருந்து வந்துச்சு, அதெல்லாம் எந்த மெஷினும் விடாது, முதல் ஆளே எடுத்துட்டு போயிருப்பான்.

நாவலப்பிட்டி: லயத்தை விட்டா தோட்டத்துல வேற எங்க பாக்கலாம்?

காசு கை மாறின இடத்தை நினைங்க. பெரட்டுக்களம் (காலையில ஆள் கூட்டி வேலை பிரிக்கிற இடம்), சம்பளம் போட்ட இடம், பழைய கடை வாசல், பீலிக்கரை (தண்ணி பிடிக்கிற, குளிக்கிற இடம்). சரிவுல மேல விழுந்த காசு மழையோட கீழ தான் வரும், அதனால கல்கட்டு அடியில, கான் (மழைத்தண்ணி ஓடுற வாய்க்கால்) ஓரத்துல தேடுங்க. கான் வெட்டுறவங்க மண்ணை அள்ளி ஓரத்துல போட்டிருப்பாங்க, பத்து வருஷம் முன்னாடி ஆழத்துல கிடந்தது இன்னைக்கு மேல கிடக்கலாம். தேடின இடம்னாலும் வருஷா வருஷம் திரும்ப போறதுக்கு இதுவும் ஒரு காரணம். உங்க பக்கம் ரயில் 1874லயே வந்துடுச்சு, பண்டாரவளைக்கு 1894ல தான், பதுளைக்கு 1924ல. ரயில் வர்றதுக்கு முன்னாடி ஆக்கள் நடந்த பழைய ரோட்டு ஓரத்துல இந்திய காலணா கூட வரும், நம்ம பாட்டன் பூட்டன் முந்தியில முடிஞ்சு கொண்டு வந்தது. அது ஒண்ணு கையில வந்தா எனக்கு கொஞ்ச நேரம் பேச்சே வராது.

குளவிக்கூடு பாத்துட்டு இறங்குங்க. அட்டைக்கு உப்பு எடுத்துட்டு போங்க.

மாத்தளை: எங்க ஊர்ல பழைய விகாரை இடிபாடு இருக்கு, ராத்திரி போய் பாக்கலாமா?

கூடாது. 1940ஆம் ஆண்டு தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி தொல்பொருள் தேடி மண்ணைத் தோண்ட தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தோட அனுமதிப்பத்திரம் வேணும், சொந்தக் காணியா இருந்தாலும் வேணும். மெஷினோட ராத்திரி பிடிபட்டா புதையல் தோண்டுற ஆள்னு தான் உங்களை கூட்டிட்டு போவாங்க, அது நியாயமும் தான், அந்த ஆக்களால எத்தனை பழைய இடம் நாசமா போயிருக்கு. நான் போற லயத்து இடத்துக்கு கூட தோட்ட நிர்வாகத்துக்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கி, போலீஸ்ல, கிராம சேவகர்கிட்ட சொல்லிட்டு, பகல்ல தான் போவேன். நீங்களும் முதல்ல தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதிக் கேட்டுட்டு மெஷினை எடுங்க. ராசா காலத்து காசோ பழைய பானை ஓடோ கண்ணுல பட்டா கையை எடுத்துடுங்க, அறிவிங்க.

கொஸ்லந்தை: மண்சரிவுல போன லயத்துப் பக்கம் தேடலாமான்னு ஒருத்தர் கேக்கிறார்.

நான் போகமாட்டேன், யாரையும் போகவும் விடமாட்டேன். மீரியபெத்தையில 2014 ஒக்டோபர் 29ல மண்ணுக்குள்ள போனது நம்ம சனம்.

தலவாக்கலை: கிடைச்ச காசை புளி போட்டு தேய்ச்சு பளபளன்னு ஆக்கிட்டேன், விலை போகுமா?

ஐயோ, தேய்ச்சுட்டீங்களே. புளி காசு மேல வருஷக்கணக்குல படிஞ்ச பழைய தோலையே உரிச்சிடும், சேக்கிறவங்க அதைத் தான் பாப்பாங்க. அடுத்த தடவை சுத்தத் தண்ணியில ஊற வைங்க, மண் தானா விடும், நல்லா காய விடுங்க, அவ்வளவு தான். எந்த லயம், எந்தப் பக்கம், எத்தனை இஞ்சி ஆழம்னு ஒரு துண்டுத்தாள்ல எழுதி கூடவே போட்டு வைங்க.

நுவரெலியா பக்கம் ஒரு தங்கச்சி: ரெண்டு பேர் தேடி முடிச்ச இடத்துல காசு மாதிரி ஒரு வட்டத் தகடு வந்துச்சு, தலை இல்ல, பூ இல்ல, மேல ஒரு ஓட்டை, நடுவுல ஒரு எழுத்தும் நம்பரும் குத்தியிருக்கு. குப்பைன்னு அண்ணன் வீச பாக்கிறார்.

வீச விடாதீங்க தங்கச்சி! நீங்க சொல்றதைப் பாத்தா அது டின் டிக்கட்டா இருக்கும். இந்தியாவுல இருந்து தோட்ட வேலைக்கு ஆள் சேத்து கொண்டு வரும்போது எந்த தோட்டத்து ஆள்னு தெரிய கழுத்துல கட்டி விட்ட தகடு, அந்த ஓட்டை கயிறு கோக்க. எழுத்தும் நம்பரும் மாவட்டத்தையும் தோட்டத்தையும் சொல்லும். தேய்க்காதீங்க, எண்ணெய் போடாதீங்க, ஒரு துணியில சுத்தி வைங்க. சாய்வா வெளிச்சம் அடிச்சு ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, குத்தின எழுத்து அப்போ தான் தெரியும். உங்க லயத்துல வயசானவங்க யாரும் இருந்தா அவங்ககிட்டயும் காட்டுங்க, அவங்க தாத்தா கழுத்துல கிடந்ததாவும் இருக்கலாம்.