பழைய லாரியை வாங்கிப் புதுப்பிக்கும் முன்: வாரிசு, சேஸிஸ் எண், ‘வின்டேஜ்’ பதிவு

கேள்வி: மூடிக்கிடக்கும் ஓர் அரிசி ஆலையின் பின்புறம், 1961-ல் பதிவான டாடா மெர்சிடஸ் பென்ஸ் 312 லாரி ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஆர்.சி.யில் உள்ள உரிமையாளர் 1998-ல் இறந்துவிட்டார். அவருடைய மூத்த மகன் முன்பணம் வாங்கிக்கொண்டு, வெள்ளைத்தாளில் ரசீது எழுதி, ஆர்.சி. புத்தகத்தையும் கொடுத்தார். அதன் முதல் பக்கம் கிழிந்திருக்கிறது. அவருக்கு ஒரு தம்பியும் தங்கையும் உண்டு. தாயார் உயிருடன் இருக்கிறார். வண்டியில் இருப்பது பின்னாளில் மாட்டிய 697 எஞ்சின். சேஸிஸ் எண் துருவில் பாதிதான் தெரிகிறது. எண்ணைப் புதிதாகப் பன்ச் செய்து, வின்டேஜ் நம்பரும் வாங்கித் தருவதாகப் பட்டறைக்காரர் சொல்கிறார். ஆலை உரிமையாளரோ இத்தனை வருட இட வாடகையைக் கொடுத்தால்தான் வண்டியை விடுவேன் என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: மீதிப் பணத்தை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். சேஸிஸ் மேல் உளியோ பன்ச்சோ கிரைண்டரோ படவே கூடாது. இந்த இரண்டையும் உறுதி செய்துகொண்டு மேலே படியுங்கள்.

முதலில் உரிமை. உரிமையாளர் உயில் எழுதாமல் இறந்த இந்து என்று வைத்துக்கொண்டால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, இரண்டு மகன்கள், மகள் ஆகிய நால்வருக்கும் லாரியில் சம பங்கு. 1998-ல் இறந்தவருடைய தாயாரும் உயிருடன் இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. மூத்த மகன் விற்றது அவருடைய பங்கை மட்டுமே. சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 27-ன்படி, விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது. பிரிவு 28-ல் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: மற்றப் பங்காளிகளின் சம்மதத்தோடு ஒருவர் மட்டும் பொருளைக் கைவசம் வைத்திருந்து, நல்லெண்ணத்தில் வாங்கியவருக்கு விற்றால் அந்த விற்பனை செல்லும். உங்களுக்கு அது உதவாது. வண்டி மூத்த மகனிடம் இல்லை, ஆலையில் நிற்கிறது. மற்ற வாரிசுகள் இருப்பதும் உங்களுக்குத் தெரியும்.

ஆகவே தாசில்தார் வழங்கிய வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள எல்லோரும் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று வாங்கி வரச் சொல்லி யாராவது உங்களை அலைக்கழிக்கலாம். அந்தச் சான்று கடன்களையும் பத்திரங்களையும் வசூலிப்பதற்கானது, லாரிக்கு அது தேவையில்லை. தம்பியோ தங்கையோ கையெழுத்திடத் தயங்கினால் ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர் மாறாமல் வண்டி சாலைக்கு வந்து விபத்தில் சிக்கினால், இறந்தவரின் சொத்தை வைத்திருப்பவர்களும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும். பெயர் மாற்றுவது உங்களைவிட அவர்களுக்குத்தான் பாதுகாப்பு.

பெயர் மாற்றம் இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் படிவம் 31: மற்றவர்களின் ஆட்சேபனையின்மைப் பிரமாணப் பத்திரங்களோடு ஒரு வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். பிறகு படிவம் 29, 30 மூலம் உங்கள் பெயருக்கு. கிழிந்த ஆர்.சி.க்குப் படிவம் 26-ல் நகல் கேட்கலாம். கிழிந்த புத்தகத்தைத் தொலைத்துவிடாதீர்கள், அதை ஒப்படைக்க வேண்டும். ஆர்.சி.யில் அடமானப் பதிவு ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடன் எப்போதோ அடைந்திருக்கும், ஆனால் படிவம் 35 போட்டு அதை நீக்கியிருக்க மாட்டார்கள். கடன் கொடுத்த வங்கி வேறொரு வங்கியோடு இணைந்திருந்தால், இன்று இருக்கும் வங்கிதான் தடையில்லாச் சான்று தர வேண்டும்.

இதற்கெல்லாம் அடித்தளம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பழைய பதிவேடு. 1989-க்கு முந்தைய மூன்றெழுத்து எண் கொண்ட வண்டிகள் பெரும்பாலும் கணினியில் ஏறியிருக்காது. ‘பி ரிஜிஸ்டர்’ எனப்படும் அந்தப் பதிவேட்டின் நகலுக்கு விண்ணப்பியுங்கள். பதில் வராவிட்டால், சம்பந்தப்பட்ட வாரிசின் பெயரிலேயே தகவல் உரிமைச் சட்டப்படி மனு போடச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் போட்டால் மூன்றாம் நபர் தகவல் என்று திருப்பி அனுப்பக்கூடும். அந்த நகலில் முழு சேஸிஸ் எண், முதல் எஞ்சின் எண், பாடி வகை, வரி கடைசியாகக் கட்டிய காலாண்டு எல்லாம் இருக்க வேண்டும். பழைய எஞ்சின் மாற்றம் முறையாகப் பதிவாகியிருக்கிறதா என்பதும் இதில்தான் தெரியும். பதிவாகாமல் இருந்தால், புதுப்பிக்கும் முன்பே அதற்கு அனுமதி கேட்க வேண்டும், பிறகு அல்ல.

வரி விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். வண்டி ஓடவில்லை என்பது மட்டுமே வரி விலக்குக்குப் போதாது. ஓட்டாமல் நிறுத்துவதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். பாக்கி இருந்தால் அது வாங்குபவரையும் தேடி வரும். நிலுவைக் கணக்கை எழுத்தில் பெற்று, அதை யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேருங்கள்.

இனி சேஸிஸ் எண். சட்டத்தின் கண்ணில் லாரி என்பது அந்த எண்தான்; எஞ்சினும் கேபினும் மாறினாலும் எண் நிலைத்தால் வண்டி அதே வண்டி. இந்த வகைப் பழைய சேஸிஸ்களில் எண்ணைப் பெரும்பாலும் முன்பக்க நீள இரும்புச் சட்டத்தில் அடித்திருப்பார்கள். மண்ணெண்ணெய் அல்லது துரு இளக்கும் எண்ணெய் தடவி ஓர் இரவு ஊறவிட்டு, பித்தளை பிரஷ்ஷால் கையாலேயே தேய்க்கச் சொல்லுங்கள். மணலை வேகமாகப் பீய்ச்சித் துருவை நீக்கும் சாண்ட் பிளாஸ்டிங் செய்தால் மேலோட்டமாக விழுந்த எழுத்துகள் போய்விடும். அதனால் அந்த இடத்தை இரும்புத் தகடு வைத்து மறைத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். தெளிந்ததும் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, பென்சில் பிரிண்ட் மூன்று பிரதி எடுங்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் புகைப்படமும் எடுங்கள். சேஸிஸுக்கு வலுவூட்டப் பிளேட் வெல்டு செய்யும்போது எண்ணின் மேலேயே பிளேட்டை வைத்து மூடிவிடுவது பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் கோளாறு. தகுதிச் சோதனை நாளில் ஆய்வாளர் பென்சில் பிரிண்ட் கேட்கும்போதுதான் அது தெரியவரும்.

அப்படியும் எண் தெரியாவிட்டால் நீங்களாகப் பன்ச் செய்வது மிக ஆபத்தானது. திருட்டு வண்டி என்ற சந்தேகம் வந்தால், வாங்கியவர்மீதும் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317-ன் கீழ் வழக்கு வரலாம். முறையான வழி இதுதான்: தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் சேவையில் வண்டி திருட்டுப் பட்டியலில் இல்லை என்ற சான்றை எடுத்து, பி ரிஜிஸ்டர் நகலோடு பதிவு அதிகாரியிடம் மனு கொடுப்பது. தேவைப்பட்டால் தடய அறிவியல் ஆய்வகம் அமிலம் பூசி அழிந்த எழுத்தை மீட்கும். அதன்பின் அதிகாரியின் எழுத்து உத்தரவின்படி, அவர் முன்னிலையில் எண்ணை அடித்து, ஆர்.சி.யிலும் குறிப்பு ஏற்ற வேண்டும்.

வின்டேஜ் எண் பற்றி உங்கள் பட்டறைக்காரர் சொல்வது தவறு. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த 81ஏ முதல் 81ஜி வரையிலான விதிகள் இரு சக்கர வாகனங்களுக்கும், எம்1 வகை எனப்படும் சொந்த உபயோகப் பயணி வாகனங்களுக்கும் மட்டுமே. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும் என்பதை உங்கள் லாரி நிறைவேற்றுகிறது. ஆனால் அது சரக்கு வாகனம். அதோடு அசல் எஞ்சினும் இல்லை. ரூ.20,000 பதிவுக் கட்டணம், 10 ஆண்டு செல்லுபடி, ‘வி.ஏ.’ எழுத்து கொண்ட எண் ஆகியவை ஒரு பழைய காருக்குப் பொருந்தலாம், 312-க்குப் பொருந்தாது. பாடியை மாற்றி எம்1-ஆகக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஒதுக்கிவிடுங்கள். உற்பத்தியாளரின் அசல் விவரங்களுக்கு மாறான மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52 அனுமதிக்காது என்று 2019 ஜனவரியில் கே. ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதே சட்டத்தின் பிரிவு 182ஏ-யின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும்.

அப்படியானால் எஞ்சுவது இரண்டு வழிகள். ஒன்று, சரக்கு வாகனமாகவே உயிர்ப்பிப்பது. தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வாகனம், பிரிவு 56-ன்படி செல்லத்தக்க பதிவு கொண்டதாகக் கருதப்படாது. எட்டு ஆண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் சோதனை, வண்டியின் வயதுக்கேற்ப ஏறும் கட்டணம், ஒளிர்பட்டை போன்ற சாதனங்கள், வரி, பர்மிட், மூன்றாம் நபர் காப்பீடு என்று செலவு தொடரும். காலியாக ஓட்டினாலும் பர்மிட் தேவை. கண்காட்சிக்கு ஆண்டில் இரண்டு முறை போவதற்காக இவ்வளவும் தேவையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். என் கருத்தில் தேவையில்லை. இரண்டாவது வழி, சாலையில் ஓட்டாமல் காட்சிப் பொருளாக வைத்துக்கொள்வது. பெயரை மாற்றி, வரி நிலுவையை முடித்து, நிறுத்தி வைப்பதை அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, எங்கு கொண்டுபோவதாக இருந்தாலும் தாழ்வான தளம் கொண்ட லோ-பெட் டிரெய்லரில் ஏற்றிப் போகலாம். பதிவை ரத்து செய்ய அவசரப்படாதீர்கள். ரத்தானதை மீட்பது பெரும்பாடு.

ஆலையிலிருந்து பட்டறைக்கு எடுத்துச் செல்லும்போதும் டிரெய்லர்தான். பழுது பார்க்கக் காலியாகச் செல்லும் வண்டிக்குப் பிரிவு 66-ல் விலக்கு உண்டு. அது பர்மிட்டுக்கு மட்டும், தகுதிச் சான்றுக்கும் காப்பீட்டுக்கும் அல்ல.

ஆலை உரிமையாளருக்கு வருவோம். இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170, பொருளின்மேல் உழைப்போ திறமையோ செலவிட்டவருக்குத்தான் கூலி வரும்வரை அதைப் பிடித்துவைக்கும் உரிமை தருகிறது. வெறுமனே இடம் கொடுத்தவருக்கு அந்த உரிமை இல்லை. வாடகை ஒப்பந்தம் இருந்தால் அவர் வழக்குப் போடலாம். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பாக்கி காலாவதி. வாரிசுகளை வைத்து வண்டியைக் கேட்டு நோட்டீஸ் அனுப்பச் சொல்லுங்கள். அவர் மறுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மீட்பு வழக்குப் போடலாம். ஆனாலும் ஒரு நியாயமான தொகை பேசி, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதி வாங்கிக்கொள்வதே மலிவு. வழக்கு முடிவதற்குள் ரேடியேட்டரும் டைனமோவும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

பட்டறைக்காரருக்கோ பிரிவு 170 முழுமையாகப் பொருந்தும். கூலி பாக்கி இருந்தால் வண்டியைத் தர மறுக்கலாம். எனவே வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். டீசல் பம்ப், கியர்பாக்ஸ், ஆக்சில், ஸ்டியரிங் பாக்ஸ், டேஷ்போர்டு மீட்டர்கள் எல்லாவற்றுக்கும் எண்ணோடும் புகைப்படத்தோடும் பட்டியல் தேவை. கழற்றிய அசல் பாகங்கள் பயன்படாவிட்டாலும் உங்களிடமே திரும்ப வேண்டும். இந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில்தான் அபூர்வப் பாகங்கள் காணாமல் போகும். சேஸிஸ், எஞ்சின், கேபின் என்று கட்டம் கட்டமாகப் பணம் கொடுங்கள். கெடு தவறி, பாகங்களும் மாறியிருந்தால், வண்டி உங்கள் சொந்த விருப்பத்துக்காக என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். புகாருக்கான காலவரம்பு இரண்டு ஆண்டு.

அடுத்து வேறொரு வண்டியைத் தேடும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அரசுத் துறை ஏலத்தில் வரும் லாரிகளை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. அவை பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்துக்குத்தான் போக வேண்டும்.