எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றுகிறோம்?

கேள்வி: அன்னை சாரதா தேவியார் புத்தகம் எழுதவில்லை, மேடை ஏறவில்லை, பள்ளிக்கூடமும் போகவில்லை. ராமகிருஷ்ணரின் மனைவி என்பதைத் தவிர, அவரைக் குரு என்று கொண்டாட என்ன இருக்கிறது?
- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பள்ளிக்கூடம் போகவில்லை என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். படிக்க விடவில்லை என்று சொல்லுங்கள். புகுந்த ஊரான கமார்புகூரில் அவர் அரிச்சுவடியைக் கையில் எடுத்தபோது, கணவரின் உறவினர் ஹிருதயர் அதைப் பிடுங்கிக்கொண்டார். பெண் படித்தால் நாவல் வாசிக்கத் தொடங்கிவிடுவாள் என்பது அவர் கவலை. இவர் சளைத்தவரா? ரகசியமாக இன்னொரு பிரதி வாங்கினார். வீட்டுச் சிறுமி லட்சுமி பாடசாலையில் படித்துவிட்டு வந்து இவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். பின்னாளில் ராமாயணத்தைத் தானே வாசித்தார். எழுதத்தான் கடைசி வரை வரவில்லை.

அடுத்தது, 'மனைவி என்பதைத் தவிர'. 1853-ல் ஜெயராம்பாடியில் பிறந்து, ஐந்து வயதில் தாலி... மன்னிக்கவும், வங்காளத்தில் தாலி கிடையாது, வளையல்தான். 1872-ல், கணவர் வாழ்ந்த, கல்கத்தாவுக்கு அருகேயுள்ள தட்சிணேஸ்வரம் காளி கோயிலுக்கு வந்தார். தங்கியது கோயிலில் மேளம் வாசிக்கிற கட்டடத்தின் கீழறையில். 50 சதுர அடி தேறாது. வாசல் அத்தனை தாழ்வு. ஆரம்பத்தில் தலை இடித்துக்கொண்டேயிருந்தது. அதற்குள்ளேயே மளிகை, காய்கறி, உறியில் பானைகள். ராமகிருஷ்ணரின் குழம்புக்கு வாங்கிய உயிர்மீன் ஒரு சட்டியில் துள்ளிக்கொண்டிருக்கும். (மீனா என்று முகம் சுளிக்கும் பக்தர்களே, அது வங்காளம். காசிமேட்டுக்காரர்களுக்கு இந்த விளக்கம் தேவைப்படாது.) வியாசர்பாடியில் ஒற்றை அறையில் குடும்பம் நடத்துகிற பெண்களுக்கு அந்த அறையை வர்ணிக்கவே வேண்டாம்.

ஒரு மார்வாரி பக்தர் 10,000 ரூபாய் தர வந்தார். ராமகிருஷ்ணர் மறுத்தார். அப்படியானால் மனைவி பேரில் எழுதட்டுமா என்ற பேச்சு வந்தது. "நான் வாங்கினாலும் நீங்கள் வாங்கினதாகத்தான் ஆகும்" என்று இவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். 1886-ல் கணவர் காலமானார். கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த மாதம் 7 ரூபாயும் அப்புறம் நின்றுபோனது. கமார்புகூரில் சோறும் கீரையும் சாப்பாடு. உப்புக்குக்கூடக் காசில்லாத நாட்கள் உண்டு. 10,000-ஐ வேண்டாமென்றவர் அப்போது யாரிடமும் போய்க் கை நீட்டவில்லை.

மேடை ஏறவில்லை என்பது உண்மைதான். 1911-ல் சென்னைக்கு வந்து மயிலாப்பூரில் தங்கியபோதும் பிரசங்கம் ஏதும் செய்யவில்லை. தமிழ் தெரியாது. தெரியாமலேயே தமிழர்களுக்கு மந்திர தீட்சை தந்தார். அதற்கு மேல் அந்தப் பயணத்தைப் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை. நீங்கள் கேட்டது வேறு.

மன அமைதி வேண்டுமானால் பிறர் குற்றம் பாராதே என்று அவர் சொன்னது கடைக் காலண்டர்களில் தொங்குகிறது. அதையடுத்து 'யாரும் அந்நியரில்லை' என்றும் சொன்னார். அந்தப் பாதியை அச்சடிக்க இடம் போதவில்லை போலும்.

அந்தப் பாதிக்கு ஒரு சாட்சி உண்டு. ஜெயராம்பாடிக்குப் பக்கத்து ஊரில் அம்ஜத் என்று ஒரு முஸ்லிம். திருட்டுக்குப் பேர்போனவர், சிறைக்கும் போய் வந்தவர். ஒருநாள் அன்னை வீட்டுத் திண்ணையில் அவருக்கு இலை போட்டார்கள். பரிமாறியது அன்னையின் தம்பி மகள் நளினி. தீட்டுக்குப் பயந்து தள்ளி நின்றபடி பதார்த்தங்களை இலையில் எறிந்தாள். அன்னை பார்த்தார். அப்படிப் போட்டால் ஒரு மனிதனால் ருசித்துச் சாப்பிட முடியுமா என்று கேட்டுவிட்டு, தானே பக்கத்தில் போய்ப் பரிமாறினார். சாப்பிட்டு முடிந்ததும் எச்சில் இடத்தைத் தன் கையாலேயே கழுவினார். அத்தை, உங்கள் ஜாதி போச்சே என்று நளினி பதறினாள். "சரத் எனக்கு எப்படிப் பிள்ளையோ, அம்ஜத்தும் அப்படித்தான்." சரத் யார் தெரியுமா? சுவாமி சாரதானந்தர், ராமகிருஷ்ண மிஷனின் அன்றைய செயலாளர். திருடனையும் துறவியையும் ஒரே தட்டில் வைத்தவர், நூறாண்டுக்கு முன் ஒரு கிராமத்தில் இருந்த பிராமண விதவை. இதற்கும் மேல் என்ன புத்தகம் எழுத வேண்டும், ஐயா?

சென்ற ஆடியில் வடசென்னையில் ஒரு தெருவில் கூழ் வார்த்தலுக்குப் போயிருந்தேன். தெரு பேர் வேண்டாம். தூக்கு, குண்டான், பிளாஸ்டிக் குடம் என்று வரிசை. எல்லாருக்கும் சொம்பைப் பாத்திரத்துக்குள் இறக்கிக் கூழை ஊற்றினார்கள். காலையில் அந்தத் தெருச் சாக்கடையை வாரிய அம்மா வந்தபோது மட்டும் சொம்பு ஒரு முழம் மேலே போயிற்று. பாதி உள்ளே விழுந்தது, பாதி அவர் கையில் வழிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தெருக்குழாயில் கையைக் கழுவினார். ஓரமாக நின்று கூழைக் குடித்தார், குண்டானையும் அலம்பிக்கொண்டு போனார். சொம்பைப் பிடித்திருந்தவர் பக்கத்திலிருந்த பையனிடம், "அடுத்த ஆள் யாருப்பா?" என்றார்.