ஆற்றுலகம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு கூட்டத்தில் நீங்கள் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஃபிலிப் ஹோஸே ஃபார்மரின் ‘ரிவர்வேர்ல்ட்’ நாவல் வரிசையைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு ஐந்தையும் வாங்கினேன். முதல் நாவலை ஒரே இரவில் முடித்தேன். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் இருநூறு பக்கம் தாண்ட மூன்று வாரம் ஆனது. இவ்வளவு பெரிய கற்பனை எப்படிச் சலித்துப்போகும்? எனக்குத்தான் பொறுமை இல்லையா? மிச்சத்தைப் படிக்கலாமா, விட்டுவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பொறுமையில் குறை ஒன்றும் இல்லை. நானும் மூன்றாவதில்தான் மாட்டினேன், அதுவும் இரண்டு முறை.

படிக்காதவர்களுக்காகக் கதையின் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதைத் தாண்டிச் செத்துப்போன மனிதர்கள் எல்லாரும், கற்காலத்தவர் முதல் 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தவர் வரை, சுமார் 3,600 கோடிப் பேர், ஒரு மாபெரும் ஆற்றின் கரையில் ஒரே நாளில் விழித்தெழுகிறார்கள். உடம்பில் துணி இல்லை, தலையில் முடி இல்லை. பெரியவர்களுக்கெல்லாம் 25 வயது உடம்பு. ஆளுக்கொரு பாத்திரம், அதைக் கரையிலுள்ள கல்லின் மேல் வைத்தால் வேளாவேளைக்குச் சாப்பாடு நிரம்பும். நம்மூர் மறுபிறவியில் நினைவு அழிந்துவிடும், கணக்கு மட்டும் கூடவே வரும். இங்கே நேர்மாறு. நினைவு அப்படியே இருக்கிறது, கணக்கு கேட்கத்தான் ஆள் இல்லை.

நாயகனாக ரிச்சர்ட் பர்ட்டனைப் பிடித்தாரே, அங்கேயே ஃபார்மர் பாதி ஜெயித்துவிட்டார். 1850களில் நைல் நதியின் மூலத்தைத் தேடி ஆப்பிரிக்காவுக்குள் போன ஆங்கிலேயப் பயணி பர்ட்டன். அவர் நோயில் கிடந்த நேரத்தில் கூட வந்த ஸ்பீக் தனியாகப் போய் விக்டோரியா ஏரியைப் பார்த்துவிட்டார். வாழ்நாளெல்லாம் ஆறாத காயம் அது. அந்த ஆளைச் செத்த பிறகு எழுப்பி, முன்னால் இன்னொரு ஆற்றை வைத்தால்? அவர் சும்மா இருப்பாரா?

அடுத்தது சாவு. இந்த உலகத்தில் செத்தால் மறுநாள் வேறெங்கோ ஒரு கரையில் எழுந்துவிடலாம். பர்ட்டன் அதையே ரயில் டிக்கெட்டாக்கிக்கொண்டு 777 முறை சாகிறார். படிக்கும்போது அபாரமாக இருக்கும். ஆனால் வரிசையின் அடித்தளத்தில் ஓட்டை விழுந்தது இங்கேதான். யார் செத்தாலும் நாளை வந்துவிடுவார் என்று தெரிந்த பிறகு எந்தச் சண்டையில் நெஞ்சு படபடக்கும்? ஃபார்மருக்கும் இது புரிந்திருக்கிறது. மூன்றாவது நாவலில் உயிர்த்தெழுதல் நின்றுபோகிறது. அதற்குள் நாம் பயப்படுவதை மறந்துவிட்டோம்.

நான் பெரிதாக நினைப்பது இன்னொரு குறை. இந்தக் கதைக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டாவது வாழ்க்கை கிடைத்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பது ஒன்று. இந்த ஆற்றைக் கட்டியவர் யார் என்பது இன்னொன்று. முதல் கேள்வி எத்தனை பக்கத்தையும் தாங்கும். இரண்டாவதற்கு ஒரு விடைதான், அதுவும் தெரிந்த நொடியில் சின்னதாகிவிடும். ஃபார்மர் போகப்போக இரண்டாவதன் பின்னால் ஓடினார். கடைசியில் ஆன்மா என்பதே இயந்திரம் உண்டாக்கும் பொருள் என்று விளக்கம் வருகிறது. தலையாட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன், அவ்வளவுதான்.

முதல் கேள்வியைத் தொட்ட இடங்களில் அவர் யாருக்கும் சளைத்தவரில்லை. இரண்டாவது நாவலில் மார்க் ட்வெய்ன், அதாவது சாம் கிளெமென்ஸ், தன் மனைவி லிவியைக் கரை கரையாகத் தேடுகிறார். ஒருநாள் அவளே வந்து நிற்கிறாள், 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் சிரானோ தெ பெர்ஜெராக்கின் துணையாக. இறந்தபோது முடிந்த கல்யாணம் எழுந்த பிறகும் செல்லுமா? இதை வைத்தே ஒரு முழு நாவல் எழுதலாம். ஃபார்மருக்கோ படகு கட்டும் அவசரம். இரும்பு எங்கே, கூட்டாளியான இங்கிலாந்தின் ஜான் மன்னன் எப்போது துரோகம் செய்வான் என்று கதை ஓடிவிடுகிறது. நாஜித் தலைவன் ஹெர்மன் கோரிங்கை முதலில் அடிமைகளை வைத்து ஆள்பவனாகவும் பிறகு மனம் திருந்திய மதப் பிரசாரகனாகவும் காட்டியதை மட்டும் ஓரளவு விடாமல் கொண்டுபோனார்.

முதல் இரண்டும் ஏன் கச்சிதமாக இருக்கின்றன? அவை 1965 முதல் 1971 வரை பத்திரிகைக் கதைகளாக வந்தவற்றிலிருந்து உருவானவை. பத்திரிகைக்குப் பக்கக் கணக்கு உண்டு. ஒவ்வொரு கதையும் எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். இரண்டும் 1971இல் புத்தகமாயின, முதல் நாவலுக்கு மறு ஆண்டே அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது. அப்புறம் பக்கத்தைக் குறைக்கச் சொல்ல ஆளில்லை என்று தோன்றுகிறது. மூன்றாவது பாகம் ஊதிப்போய் இரண்டாக அறுக்கப்பட்டு 1977இலும் 1980இலும் வந்தது. நீங்கள் மூன்று வாரம் மல்லுக்கட்டியது அதில் முதல் பாதியோடு. அதற்கு முடிவே கிடையாது, நடுவில் நிற்கும். நம் வார இதழ்த் தொடர்களில் வரும் ‘தொடரும்’ ஒரு வாரத்துக்குத்தான். இவர் போட்ட ‘தொடரும்’ மூன்று வருஷத்துக்கு.

இதற்காக அவரைத் திட்டவும் மனம் வருவதில்லை. இந்தக் கற்பனையை அவர் முதலில் எழுதியது 1950களின் தொடக்கத்தில், ஒரு நாவல் போட்டிக்கு. ஜெயித்தார். பதிப்பகம் பரிசுப் பணத்தையும் தரவில்லை, புத்தகத்தையும் போடவில்லை. அதன் பிறகும் இருபது வருஷம் அந்த ஆற்றை விடாமல் வைத்திருந்தார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூன்றாவதை மூடிவையுங்கள். விடை தெரிந்தே ஆக வேண்டுமென்றால் நேராக நான்காவதுக்குப் போகலாம், பெரிதாக எதுவும் விட்டுப்போகாது. அதில் வரும் படகுச் சண்டை நன்றாகவே இருக்கும். ஐந்தாவதைத் தொடவே வேண்டாம். என்னிடமிருந்த மூன்றாவதை ஒரு நண்பர் வாங்கிப்போய்ப் பல வருஷமாகிறது. திருப்பிக் கேட்க இதுவரை தோன்றவில்லை.