நீட் கைகூடவில்லை: விலங்கியலா, பயோடெக்கா?

வணக்கம் அக்கா. மகளுக்கு அரசுக் கல்லூரியில் விலங்கியல் கிடைத்திருக்கிறது, கடன் வாங்கித் தனியாரில் பயோடெக் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடன் வேண்டாம், விலங்கியலையே எடுக்கட்டும். அரசுப் பள்ளி ஆசிரியர் வேலை மனதில் இருந்தால், பி.எட். முடித்ததும் விலங்கியல்தான் நேரடியாகப் பொருந்தும்.

பயோடெக் ஆசை விடவில்லை என்றால், ஐஐடிகள் நடத்தும் ஜாம் தேர்வு எழுதி முதுநிலையில் மாறிக்கொள்ளலாம். அதன் பயோடெக் தாளில் கணிதம், இயற்பியல் கேள்விகளும் வரும். முதல் வருடமே கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கட்டும்.

அப்புறம், சேரும் முன் மூன்றாம் வருட மாணவிகளிடம் ஆய்வகம் பற்றி விசாரியுங்கள். வெங்காய வேர் நுனியை அசிட்டோகார்மைனில் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, செல் பிரிவதை ஒவ்வொருவரும் தன் கையால் செய்து பார்க்கிறார்களா, இல்லை ஒரே நுண்ணோக்கியை வரிசையில் நின்று எட்டிப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள்.