எஸ்டிமேட் சீட்டும் 12 வோல்ட்டும்

பழைய ஹார்ட் டிஸ்க்கை எடைக்குப் போடும் முன் ஒருமுறை கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள் என்று போன வாரம் ஒரு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த வாரப் பக்கத்தை நிரப்பிவிட்டன. மிக்ஸி, வாஷிங் மெஷின் கேள்விகள் அடுத்த வாரம்.

கேள்வி: 2004-ல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. மகள் கல்யாணப் படங்கள் அதில்தான். சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடை ஒன்றில் யூஎஸ்பி கேபிள் வாங்கினேன், வாய் பொருந்தவில்லை. திரும்பப் போய்க் கேட்டால் "டிஸ்க் போயிடுச்சு சார்" என்கிறார்கள். (ஓய்வுபெற்ற ஆசிரியர், நங்கநல்லூர்)

பதில்: மாட்டவே முடியாத டிஸ்க் போய்விட்டது என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்ததாம்? உங்களுடையது ஐடிஇ என்ற பழைய வகை வாய் உள்ள டிஸ்க். உங்களிடம் தள்ளிவிட்டது அதற்கு அடுத்து வந்த சாட்டா வகைக்கான கேபிள். சாட்டா 2003 வாக்கில்தான் கடைக்கு வந்தது, சில வருடம் இரண்டும் சேர்ந்தே விற்றன. 2006-ல் இன்டெல், மதர்போர்டை இயக்கும் தன் டெஸ்க்டாப் சிப்செட்டிலிருந்தே ஐடிஇயை எடுத்துவிட்டது. இப்போதைய மதர்போர்டில் அதைச் சொருக இடமே கிடையாது.

டிஸ்க்கின் பின்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு வரிசையாக ஊசிகள், 40 இருக்க வேண்டிய இடத்தில் நடுவில் ஒன்று இருக்காது. உடைந்துவிட்டதோ என்று பதற வேண்டாம், கேபிளைத் தலைகீழாகச் செருகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. பக்கத்தில் நாலு தடித்த ஊசியோடு கரண்ட் வாய். நீங்கள் கேட்க வேண்டியது 'ஐடிஇ, சாட்டா டூ யூஎஸ்பி கன்வர்ட்டர்'. ஒரு முகத்தில் 40 ஊசிக்கான வாய், இன்னொன்றில் பழைய லேப்டாப் டிஸ்க்குக்கான 44 ஊசி வாய், மூன்றாவதில் சாட்டா, கூடவே தனியாக ஒரு பவர் அடாப்டர், இவ்வளவும் இருக்க வேண்டும்.

டிஸ்க்கில் அந்த ஊசி வரிசைக்கும் கரண்ட் வாய்க்கும் நடுவில் சின்னப் பிளாஸ்டிக் தொப்பி மாதிரி ஒன்று இருக்கும், அதுதான் ஜம்பர். அந்தக் காலத்தில் ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டுவார்கள், யார் முதல் யார் இரண்டாவது என்று சொல்லத்தான் அது. 'மாஸ்டர்' இடத்தில் வையுங்கள். எந்த இடம் என்கிற படம் பெரும்பாலும் டிஸ்க்கின் லேபிளிலேயே இருக்கும். ஜம்பர் 'ஸ்லேவ்' என்று இருந்தால் நல்ல டிஸ்க்கும் கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போகலாம். நல்ல டிஸ்க்கை இப்படித்தான் குப்பைக்கு அனுப்புகிறார்கள்.

மாட்டியதும் விண்டோஸ் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். கேட்காமல் திறந்துகொண்டால், எக்ஸ்பி காலத்துப் படங்கள் பெரும்பாலும் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் பழைய பயனர் பெயரில் இருக்கும். அனுமதி இல்லை என்று வரும், 'கன்டின்யூ' அழுத்துங்கள். முதலில் கல்யாணப் படங்களை மட்டும் காப்பி செய்யுங்கள். மற்றதை அப்புறம் மேயலாம்.

கேள்வி: யூஎஸ்பி-சாட்டா கேபிள் வாங்கி டெஸ்க்டாப் டிஸ்க்கை லேப்டாப்பில் சொருகினேன். சத்தமே இல்லை. கேபிள் டூப்ளிகேட்டா? (பெரம்பூர்)

பதில்: டெஸ்க்டாப்பின் பெரிய டிஸ்க்குக்கு யூஎஸ்பி கரண்ட் பத்தாது. அடாப்டரோடு வரும் கேபிள் வாங்குங்கள்.

கேள்வி: வீட்டில் ஆரி வேலையும் எம்ப்ராய்டரியும் செய்கிறேன். பத்து வருட டிசைன்கள் பழைய டிஸ்க்கில். 450 ரூபாய்க்கு கன்வர்ட்டர் வாங்கி, கூட வந்த அடாப்டரைச் சொருகிய உடனே கருகிய வாடை. டிஸ்க் சுற்றவில்லை. கடையில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது, சீட்டுலயே போட்டிருக்கு" என்கிறார்கள். பில் கேட்டபோது 'எஸ்டிமேட்' என்று எழுதிய சீட்டுதான் தந்தார்கள். (வில்லிவாக்கம்)

பதில்: அம்மா, முதலில் நல்ல செய்தி. வாடை வந்தது டிஸ்க்கின் அடியில் இருக்கும் பச்சைப் பலகையிலிருந்துதான் இருக்கும். உங்கள் டிசைன்கள் இருப்பது உள்ளே இருக்கும் தட்டுகளில். பல டிஸ்க்குகளில் வோல்ட்டேஜ் அதிகமானால் தானே முதலில் செத்து மற்றதைக் காப்பாற்றுகிற மாதிரி, டையோடு என்ற சின்ன உறுப்பு வைத்திருப்பார்கள். அது மட்டும் போயிருந்தால் விஷயம் தெரிந்த சர்வீஸ்காரர் சரிசெய்துவிடுவார். "அதே மாடல் டிஸ்க்கின் பலகையை எடுத்து மாட்டினால் போதும்" என்று யாராவது சொன்னால் அவரிடம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவுகள் பெரும்பாலும் அந்தப் பலகையில் உள்ள சின்ன சிப்பில் இருக்கும். அதையும் மாற்றி ஒட்டத் தெரிந்தவர் வேண்டும்.

இனி அந்த அடாப்டர். வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இதில் எனக்கு ரொம்ப நாள் ஆத்திரம் உண்டு. பெரிய டிஸ்க்கின் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும், எலெக்ட்ரானிக்ஸுக்கு 5 வோல்ட் வேண்டும். சுற்ற ஆரம்பிக்கிற அந்தச் சில விநாடிகளில் மோட்டார் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மலிவு அடாப்டரின் லேபிளிலும் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று அழகாக அச்சடித்திருக்கும். கையில் எடுத்துப் பாருங்கள், காலித் தீப்பெட்டி கனம்கூட இருக்காது. லோடு வந்ததும் வோல்ட்டேஜ் படுத்துவிடும், அல்லது எகிறும். படுத்தால் டிஸ்க் டிக் டிக் என்று திணறி நின்றுவிடும், டிஸ்க்கே கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். எகிறினால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். இன்னொன்று: அந்த நாலு ஊசி பிளக்கின் இரண்டு மூலைகள் சரிவாக வெட்டியிருக்கும், ஒரே பக்கமாகத்தான் போக வேண்டும். மட்டமான பிளாஸ்டிக்காக இருந்தால் அழுத்தித் தலைகீழாகவும் செருகிவிடலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும், ஆட்டம் முடிந்தது.

கம்ப்யூட்டர் சாமான்களுக்கான பவர் அடாப்டர் இந்தியாவில் பிஐஎஸ் என்ற இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவு இல்லாமல் விற்கவே கூடாது. லேபிளில் பிஐஎஸ் முத்திரையும் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யார் பதிவு செய்தது என்று வந்துவிடும். கடையில் நின்றுகொண்டே பார்க்கிற வேலை. நானும் ஒரு ஆடித் தள்ளுபடியில், எல்லா டிஸ்க்கையும் படிக்கும் என்று சொன்ன ஒரு டாக், அதாவது டிஸ்க்கைச் செருகி வைக்கும் பீடம், வாங்கினேன். டாக் இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது. அதன் அடாப்டர் என் டிஸ்க் ஒன்றைத் தின்றது.

இப்போது சீட்டு. 'எஸ்டிமேட்' என்று எழுதிக் கொடுத்தால் அது பில் ஆகாது என்பது கடைக்காரருக்கும் தெரியும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான். சீட்டில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. விற்ற பொருள் உங்களுடைய வேறொரு பொருளைக் கெடுத்தால் அதற்கும் இழப்பீடு கேட்க அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தச் சீட்டு, ஜிபே செய்த பதிவு, அடாப்டர் லேபிளின் போட்டோ, கருகிய பலகையின் போட்டோ, எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் எண் வாங்குங்கள். கடைக்கு எழுத்தில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வக்கீல் கட்டாயம் இல்லை, பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். புகாரில் 450 ரூபாயை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள்.

கேள்வி: லேப்டாப் போய்விட்டது. அதிலிருந்த எஸ்எஸ்டிக்கு (சுற்றும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) ஆன்லைனில் இரண்டு யூஎஸ்பி கேசிங் வாங்கினேன். முதலாவதில் செருகவே முடியவில்லை. இரண்டாவதில் பொருந்துகிறது, ஆனால் தெரியவில்லை. மூன்றாவதாக எதை வாங்குவது? (சோழிங்கநல்லூர்)

பதில்: எதையும் வாங்காதீர்கள். முதலில் எஸ்எஸ்டியின் ஸ்டிக்கரைப் படியுங்கள். கடிதத்தில் அதன் மாடல்கூட இல்லை, இரண்டு கேசிங்கின் விலை மட்டும் பைசா சுத்தமாக இருக்கிறது. லேப்டாப்பில் பெரும்பாலும் இருக்கும் சின்ன அட்டை மாதிரியான எஸ்எஸ்டியை எம்.2 என்பார்கள், அது அட்டையின் வடிவம் மட்டும்தான். அதற்குள் சாட்டாவும் உண்டு, என்விஎம்இ என்ற அதைவிட வேகமான வகையும் உண்டு. வாயில் ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. சாட்டா மட்டும் படிக்கும் கேசிங்கில் என்விஎம்இ தெரியாது, மறுபக்கமும் அப்படித்தான். இரண்டையும் படிக்கும் கேசிங் கிடைக்கிறது, கொஞ்சம் விலை கூட. எம்.2-வுக்கும் முன்னால் வந்த எம்சாட்டா என்ற அட்டை என்றால் கேசிங்கே வேறு. இரண்டையும் திருப்பி அனுப்பக் கெடு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

கேள்வி: 16 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி 1,499 ரூபாய்க்கு வருகிறது. பழைய டிஸ்க் எல்லாவற்றையும் அதில் கொட்டிவிடலாமா? (அம்பத்தூர்)

பதில்: கூடாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு மெமரி கார்டு. 16 டிபி என்று பொய் சொல்லச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். காப்பி ஆனது போலவே காட்டும், ஃபைல் பெயர்களும் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருளை ஓட்டி, அது காட்டும் உண்மை அளவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் கம்ப்யூட்டர் இரண்டு நாள் தண்ணீரில். டிஸ்க்கை வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறோம். இன்னும் சொருகவில்லை. ரெக்கவரி கடையில் 5,000 முன்பணம் கேட்கிறார்கள், டேட்டா வராவிட்டாலும் திரும்பாதாம். (முடிச்சூர்)

பதில்: இதுவரை சொருகாததுதான் நீங்கள் செய்த பெரிய காரியம். டிஸ்க்கின் மூடியில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை உண்டு, அதன் வழியே தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். காய்ந்தபின் வண்டல் தட்டில் ஒட்டியிருக்கும். சுற்றவிட்டால் தட்டைப் படிக்கும் ஹெட் அதில் மோதித் தட்டைக் கீறிவிடும், அப்புறம் யாராலும் முடியாது. தூசி புகாத அறையில் திறந்து கழுவுகிற வசதி உள்ள இடத்துக்குத்தான் இது போக வேண்டும். மேசைமேல் வைத்துத் திறக்கிறேன் என்பவரிடம் அல்ல.

முன்பணம் பற்றி: பரிசோதனைக்கு ஒரு கட்டணம் கேட்பது நியாயம். மீட்புக்கான பணத்தை முன்னாலேயே வாங்கிக்கொண்டு திருப்ப மாட்டேன் என்பது நியாயம் இல்லை. மொத்தம் எவ்வளவு, வராவிட்டால் எவ்வளவு, மீட்ட ஃபைல்களின் பட்டியலைப் பணம் கட்டும் முன் காட்டுவார்களா, டிஸ்க்கை அப்படியே திருப்பித் தருவார்களா, நான்கையும் கடையின் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கேளுங்கள். தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். வெள்ளம் வந்த ஊரில் இதை ஒரு சீசன் வியாபாரமாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: தாத்தா எழுதிய தல வரலாறு ஃபிளாப்பிகளில் இருக்கிறது. யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் வாங்கித் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் குறிகளும்தான். வைரஸா? (மயிலாப்பூர்)

பதில்: வைரஸ் இல்லை, அது தமிழ்தான். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு பரவும் முன் ஒவ்வொரு எழுத்துருவும் தன் இஷ்டத்துக்கு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்தது. எங்கு பார்த்தாலும் அரைப்புள்ளியாக (;) இருந்தால் பாமினி எழுத்துருவாக இருக்க வாய்ப்பு அதிகம், அதில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியாகத்தான் விழும். 1999-க்குப் பிறகு அடித்தது என்றால் அப்போது தமிழக அரசு அறிவித்த டாம், டாப் குறியீடுகளையும் முயன்று பாருங்கள். 'என்எச்எம் கன்வர்ட்டர்' என்ற இலவச மென்பொருளில் ஒரு பத்தியை ஒட்டி, ஒவ்வொரு குறியீடாகத் தேர்ந்தெடுத்தால் ஏதோ ஒன்றில் தாத்தா பேச ஆரம்பித்துவிடுவார்.

மீதி ஃபிளாப்பிகளைப் போடும் முன் உலோக மூடியை விரலால் தள்ளி, உள்ளே தெரியும் பழுப்புப் படலத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். அதைச் செருகினால் டிரைவின் ஹெட்டில் அப்பிக்கொண்டு அடுத்தடுத்த ஃபிளாப்பியையும் கெடுக்கும். தனியே எடுத்து வையுங்கள். யூஎஸ்பி டிரைவ் மூன்றரை அங்குல ஃபிளாப்பியை மட்டும்தான் படிக்கும், வளைகிற பெரிய ஐந்தேகால் அங்குலத்தை அல்ல.

கேள்வி: ரிச்சி தெருவில் நம்பி வாங்க ஒரு கடை பெயர் சொல்லுங்களேன். (கொளத்தூர்)

பதில்: சொல்ல மாட்டேன். ஜிஎஸ்டி எண்ணோடு பில் தருகிற கடை, உங்கள் டிஸ்க்கை அங்கேயே மாட்டிக் காட்டுகிற கடை. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பாதி மூடியிருக்கும்.

கேள்வி: எல்லாவற்றையும் காப்பி செய்தாகிவிட்டது. பழைய டிஸ்க்கை 150 ரூபாய்க்குக் கேட்கிறார்கள். ஃபார்மேட் செய்துதான் கொடுக்கிறேன். சரிதானே? (வடபழனி)

பதில்: சரியில்லை. சாதாரண குயிக் ஃபார்மேட் பொருளடக்கத்தைத்தான் அழிக்கும். உங்கள் பான் கார்டு ஸ்கேனும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் அப்படியே இருக்கும், இலவச மென்பொருளே எடுத்துக் கொடுத்துவிடும். விண்டோஸில் ஃபார்மேட் செய்யும்போது 'குயிக்' டிக்கை எடுத்துவிட்டுச் செய்தால் டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதும், சில மணி நேரம் ஆகும். அந்தப் பொறுமை இல்லையென்றால் 150 ரூபாயை மறந்துவிட்டு, டிரில்லிங் மெஷின் வைத்திருப்பவரிடம் தட்டில் நாலு ஓட்டை போடச் சொல்லி, மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். அதற்கு முன், செய்த காப்பியில் பத்துப் படத்தையாவது திறந்து பார்த்தீர்களா?